ஊர் தேடி வரும் உடல் பரிசோதனை

அடி அண்ணாமலையில் வாழும் நம் அங்கத்தினர்களுக்குக் கிரிவலப் பாதை வீட்டு வாசல் போன்றது. மலையைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் நீளும் அப்பாதை, மலைக்கு மேற்கே அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. பௌர்ணமி இரவுகளில் காலணியின்றி நடந்து வரும் மக்கள் வெள்ளத்தை அவ்வூர் முதியோர் தம் திண்ணையிலிருந்தே காண்பர். அவர்களுள் பலர் தாமும் ஆண்டாண்டாக அவ்வாறே வலம் வந்தவர்கள். அங்ஙனம் நடப்பவர் ஒருவர் காலில் முள் தைத்தால் என்ன செய்கிறார்? அங்கேயே நிற்கிறார், ஓரமாக அமர்ந்து முள்ளை எடுத்து எறிகிறார், பிறகு நடக்கிறார். முள் தைத்த செய்தியை அவருக்கு அறிவித்தது வலியே.

இப்பொழுது மற்றொருவரை எண்ணிக் கொள்வோம். அவருக்கு வயது 65. நீரிழிவு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அவர் காலிலும் முள் தைக்கிறது, ஆனால் வலிக்கவில்லை. மலையை முழுவதும் சுற்றி முடித்து, வீட்டுக்கு வந்து, உண்டு உறங்குகிறார். மூன்றாம் நாள் பாதம் வீங்கியதை வீட்டிலுள்ளோர் கண்டு சொன்ன பின்னரே அவருக்குச் செய்தி தெரிகிறது. சில நாட்களில் அது புண்ணாகிறது. புண் ஆறாமல் எலும்பைத் தொட்டுவிட்டால் விரலையோ பாதத்தையோ எடுக்க நேர்கிறது. குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் நெசவாளருக்கும், நிலக்கடலைக் கொல்லையில் களை எடுக்கும் உழவருக்கும் ஒரு பாதம் போவது தொழிலே போவதாகும்.

அவர் பாதத்தில் உணர்வு குன்றியிருப்பதை, முள் தைப்பதற்கு எத்தனையோ மாதங்கள் முன்பே கண்டு சொல்ல ஒரு நைலான் இழை போதும். ஐந்து நிமிஷம் போதும். அந்த இழையும் அந்த ஐந்து நிமிஷமும் அவர் இருக்கும் ஊருக்கு வந்து சேர்வது எவ்வாறு, வந்து சேர்ந்தபின் நம் சங்கம் செய்ய வேண்டியது யாது என்பதே இம்மாதப் பாடம்.

நோவு தெரியாத சேதம்

நீரிழிவு நம் நாட்டில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை முதலில் அறிந்து கொள்வோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று கணக்கிட்டது. பட்டணத்துச் செல்வர்களின் வியாதி என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்டது இன்று தறிக்குழியிலும் களத்துமேட்டிலும் காணப்படுகிறது.

ஆனால் இவ்வியாதியின் பெயரைக் கேட்டு அஞ்சுவதைக் காட்டிலும், அது எவ்வாறு கெடுதி செய்கிறது என்பதை விளங்கிக் கொள்வதே பயன் தரும். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து பல ஆண்டுகள் நின்றால், அது உடலின் மெல்லிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்குகிறது. அத்தகைய மெல்லிய குழாய்கள் மிகுதியாக உள்ள இடங்கள் மூன்று. கண்ணின் உட்புறத்தில் உருவம் பதியும் விழித்திரை ஒன்று. இரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகம் மற்றொன்று. கை கால்களுக்கு உணர்வைக் கொண்டு செல்லும் நரம்புகளுக்கு உணவூட்டும் குழாய்கள் மூன்றாவது. இவையன்றி, இருதயம், மூளை, கால்கள் ஆகியவற்றுக்குச் செல்லும் பெரிய குழாய்களிலும் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. இரத்தக் கொதிப்பும் உடன் இருந்தால் இவை அனைத்தும் விரைவாக நிகழும்.

இந்நான்கு சேதங்களுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. தொடக்கத்தில் இவற்றுள் எதுவும் நோயாளிக்குத் தெரிவதில்லை. விழித்திரையில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகும் பாவில் இழை எண்ணும் பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகினாலும் அது கண்ணுக்குத் தோன்றாது. பாதத்தில் உணர்வு குறைவதை உணர்வதற்கே உணர்வு வேண்டும்! சில சமயம் இருதய வலியுங்கூட நீரிழிவுடைய முதியோருக்கு வலியாகத் தோன்றாமல், வெறும் களைப்பாகவோ மூச்சு வாங்குதலாகவோ தோன்றுவதுண்டு.

முதியோர் விஷயத்தில் வேறொரு தொல்லையும் உள்ளது. பார்வை சற்று மங்கினால் 'வயதாயிற்று' என்கிறோம். கால் மரத்தால் 'வயதாயிற்று' என்கிறோம். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக் கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறது என்றாலும் அதையே சொல்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கண்டறியத்தக்க வியாதிகள் பல மறைந்து விடுகின்றன.

கண் முகாமுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு

ஊர் தேடி வைத்தியம் வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் நடத்திக் கண்புரை உடையோரைக் கண்டறிந்து அழைத்துச் செல்லும் முறையை அந்நிறுவனம் பெரிய அளவில் வளர்த்தது. கண் முகாம் என்றால் என்னவென்று இன்று நம் கிராமத்துப் பாட்டிமார்களும் அறிவர்.

எனினும் கண்புரை முகாமையும் நாம் இங்கே பேசும் பரிசோதனையையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. கண்புரை உள்ளவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அது அவருக்கே தெரியும். ஆதலால் முகாமுக்குத் தாமே வருகிறார். புரையை நீக்கி வில்லை பொருத்தியதும் பெரும்பாலோருக்குப் பார்வை மீள்கிறது. சற்றுத் தாமதமாக வந்தவருக்கும் பெரும்பாலும் நன்மை கிடைக்கிறது. நீரிழிவால் விழித்திரை கெட்டவர் கதை வேறு. பார்வை மங்கும் வரை காத்திருந்து வந்தால், இழந்த பார்வையை முழுவதும் மீட்டுத் தர எந்த வைத்தியராலும் இயலாது. உரிய காலத்தில் வந்தால் லேசர் ஒளியினாலோ கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தினாலோ எஞ்சியுள்ள பார்வையைக் காக்கலாம்.

ஆகவே, முன்னது குறை சொல்லி வருவோருக்கான ஏற்பாடு. பின்னது எக்குறையும் இல்லாதோரை அழைத்துப் பார்க்கும் ஏற்பாடு. 'எனக்கு ஒன்றுமில்லையே, நான் எதற்கு வரவேண்டும்?' என்று கேட்பவரே இங்கு முதலில் வர வேண்டியவர். இக்கருத்து நம் அங்கத்தினர் அனைவர் மனத்திலும் பதிந்துவிட்டால் இப்பாடத்தின் பாதி முடிந்தது எனலாம்.

சூனாம்பேட்டில் நடந்தது

இத்தகைய பரிசோதனையைக் கிராமத்தில் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு நம் பக்கத்திலேயே விடை உண்டு. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் சென்றால் சூனாம்பேடு என்னும் ஊர் வரும். அன்று அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது; 2019இல் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வூரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து 42 கிராமங்களில், சென்னை டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2006இல் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். உலக நீரிழிவு அறநிறுவனம் பொருளுதவி செய்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் செயற்கைக்கோள் வழித் தொடர்பைத் தந்தது.

திட்டத்தின் உயிர்நாடி ஒரு மோட்டார் வண்டி. அவ்வண்டிக்குள் விழித்திரையைப் படம் பிடிக்கும் காமிரா, இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் கருவி, காலில் இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் கருவி, பாதத்தின் உணர்வை அளக்கும் அதிர்வுக் கருவி ஆகியவை பொருத்தப்பட்டிருந்தன. வண்டி கிராமத்தில் நிற்கும். பயிற்சி பெற்ற பணியாளர் படம் எடுப்பர். படம் செயற்கைக்கோள் வழியே சென்னைக்குச் செல்லும். அங்குள்ள நிபுணர் அதைக் கண்டு கருத்துச் சொல்வார். நோயாளி ஊரை விட்டு நகர வேண்டியதில்லை. வண்டியுடன் நின்றுவிடாமல், தொடர்ந்து சிகிச்சை தருவதற்கு அங்கேயே கிராம நீரிழிவு நிலையம் ஒன்றும் நிறுவப்பட்டது.

2012இல் வெளியான அதன் விவரங்களை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். 42 கிராமங்களிலும் 20 வயது நிறைந்தோர் 27,014 பேர். அவர்களுள் 23,380 பேர், அதாவது நூற்றுக்கு 86 பேருக்கு மேல், பரிசோதிக்கப்பட்டனர். 1,138 பேருக்கு நீரிழிவு இருந்தது. மேலும் 3,410 பேர் நீரிழிவின் வாசற்படியில் நின்றனர். நீரிழிவு உடையோருள் 1,001 பேருக்கு உறுப்புகளின் சேதத்தைக் கண்டறியும் பரிசோதனைகள் செய்யப்பட்டன. நூற்றுக்கு 18 பேருக்கு விழித்திரை பழுதாகியிருந்தது. நூற்றுக்கு 31 பேருக்கு நரம்புகளில் உணர்வுக் குறைவு. நூற்றுக்கு 24 பேருக்குச் சிறுநீரில் புரதம் சிறிதளவு ஒழுகத் தொடங்கியிருந்தது. நூற்றுக்கு 7 பேருக்குக் கால் இரத்தக் குழாய்களில் அடைப்பும், நூற்றுக்கு 11 பேருக்கு இருதயக் குழாய் நோயும் காணப்பட்டன.

இவர்கள் அனைவரும் முதியோர் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 20 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்த கணக்கு இது. வியாதி வந்து ஆண்டுகள் கூடக் கூடச் சேதமும் கூடும் என்பது வைத்திய சாஸ்திரத்தில் தெளிவாக நிலைநாட்டப்பட்டது. ஆதலால் முதியோரிடையே இதைக் காட்டிலும் மிகுதியாகவே எதிர்பார்க்கலாம்.

அவ்விவரங்களுள் நம்பிக்கை தரும் செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது, ஓராண்டுக்குள் அக்கிராமங்களின் நீரிழிவு நோயாளிகளுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 9.3இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. இரண்டாவது, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. 'வண்டியில் ஏறினால் பட்டணத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காடு கழனியை விற்க வேண்டிவரும்' என்று அஞ்சுவோருக்கு இக்கணக்கே பதில். பெரும்பாலோருக்கு வேண்டிய சிகிச்சை ஊர்ப்பக்கத்திலேயே கொடுக்கத்தக்கது.

சர்க்கரை 9.3இலிருந்து 8.5 ஆவது பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் புதிதாக நீரிழிவு கண்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்று 1998இல் வெளியாயிற்று. அதில் ஒரு பிரிவினரின் சராசரி 7.9 ஆகவும், கட்டுப்பாடாகச் சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவினரின் சராசரி 7.0 ஆகவும் இருந்தன. இந்தச் சிறு வேறுபாட்டினாலேயே மெல்லிய குழாய்ச் சேதங்கள் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தன. ஆகையால் ஒரு புள்ளி குறைவதையும் அற்பமாக எண்ணலாகாது. அதே நாட்டில் 2003 முதல் நீரிழிவு உடையோருக்கு ஆண்டுதோறும் விழித்திரையைப் படம் எடுக்கும் ஏற்பாடு நாடு முழுவதும் பரவியது. அரை நூற்றாண்டாக உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதற்காரணமாயிருந்த நீரிழிவு விழித்திரை நோய், 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் அவ்விடத்தை விட்டு இறங்கியது. நல்ல சிகிச்சையும் ஒழுங்கான பரிசோதனையும் சேர்ந்ததன் பயன் என்று அறிஞர்கள் இதனைக் கருதினர்.

எந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

வண்டி ஊருக்கு வரும்போது அங்கத்தினர்கள் ஒன்றும் புரியாமல் வரிசையில் நிற்பது நல்லதன்று. ஒவ்வொரு பரிசோதனையும் எதற்காக என்று அறிந்து நின்றால் அச்சமும் நீங்கும். கேள்வி கேட்கவும் துணிவு வரும்.

இரத்தச் சர்க்கரை: இரவு உணவுக்குப் பின் எட்டு மணி நேரமாவது ஒன்றும் உண்ணாமல் இருந்து எடுத்த இரத்தத்தில், 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருப்பின் நீரிழிவு எனக் கொள்வர். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்ப்பது சல்லடை போன்றது; அதை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல் மீண்டும் முறையாகப் பரிசோதிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை எந்த நேரத்திலும் செய்யலாம், அதில் 6.5ம் அதற்கு மேலும் நீரிழிவைக் காட்டும். பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்து அளவைக் குறைத்துக் காட்ட முயல்வோர் உண்டு. மூன்று மாதச் சராசரி அந்தச் சாமர்த்தியத்துக்கு ஏமாறுவதில்லை!

இரத்தக் கொதிப்பு: அமைதியாக ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பின் அளக்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவுடனே அளந்தால் கணக்குத் தவறும். பல முறை அளந்தும் 140க்கு 90 என்னும் அளவிலோ அதற்கு மேலோ நிற்குமாயின் வைத்தியரைக் காண்பது அவசியம்.

விழித்திரைப் படம்: கண்ணுக்கு ஊசியில்லை, கத்தியில்லை. சில வேளை பாவை விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவர். அதனால் சில மணி நேரம் அருகிலுள்ளது தெளிவாகத் தெரியாது, ஒளி கூசும். அன்று தறி வேலையும் சைக்கிள் சவாரியும் வேண்டா. கூட ஒருவர் வருவது நலம்.

பாத உணர்வு: 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் அழுத்தி, கண்களை மூடச்சொல்லி, 'தெரிகிறதா?' என்று கேட்பர். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிவிடக் கூடாது. இது தேர்ச்சி பெற வேண்டிய பரீட்சையன்று.

கால் இரத்த ஓட்டம்: கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தத்தைக் கையில் அளப்பதனோடு ஒப்பிடுவர். இரண்டும் ஏறக்குறைய சமமாகவோ கணுக்காலில் சற்று மிகுந்தோ இருப்பது இயல்பு. கணுக்காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் குறைந்தால் குழாய் குறுகியிருக்கிறது என்று பொருள்.

சிறுநீர்ப் பரிசோதனை: கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒழுகும் புரதத்தை இது காட்டும். காய்ச்சல், சிறுநீர்த் தாரையில் புண், கடும் உழைப்பு ஆகியவற்றாலும் சிறிது புரதம் தோன்றக்கூடும். ஆதலால் ஒரு முறை கண்டதும் கலங்காமல், சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். உண்மையென்று தெரிந்தால், கொதிப்பையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்துச் சிறுநீரகம் கெடுவதை நெடுநாள் தள்ளிப் போடலாம்.

இங்கே முதியோருக்கென ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சர்க்கரையைக் குறைப்பது நன்று என்பதற்காக அளவுக்கு மீறிக் குறைத்தல் முதியோருக்கு ஆபத்து. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவு உண்ணாமல் தறியிலோ வயலிலோ இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, மயங்கி விழ நேரிடும். எனவே ஒவ்வொரு முதியவருக்கும் எவ்வளவு அளவு தக்கது என்பதை அவருடைய வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து வைத்தியர்தாம் முடிவு செய்ய வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் உண்ணும் மாத்திரையை வாங்கி உண்பதும், வண்டியில் 'இப்போது நன்றாக இருக்கிறது' என்று சொன்னவுடன் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

வராத 137 பேர்

சூனாம்பேட்டுக் கணக்கை மீண்டும் ஒரு முறை பார்ப்போம். நீரிழிவு உடையோர் 1,138 பேர். உறுப்புச் சேதத்துக்கான பரிசோதனை பெற்றவர் 1,001 பேர். மீதி 137 பேர். தமக்கு வியாதி உண்டென்று தெரிந்தும், வண்டி ஊருக்கே வந்தும், அந்தப் பரிசோதனை அவர்களைச் சென்று சேரவில்லை. நூற்றுக்கு 88 பேரைச் சேர்த்தது மிகச் சிறந்த வேலை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூட்டுறவாளராகிய நமக்கு எஞ்சிய 137 பேர்மீதே கண் செல்ல வேண்டும்.

நம் ஊர்களில் இத்தகையோர் யார் என்பதை நாம் நன்கு அறிவோம். பாவை முடித்துக் கொடுக்க வேண்டிய கெடுவினால் தறியை விட்டு எழ முடியாதவர் ஒருவர். அறுவடைக் கூலியை இழக்க மனமில்லாதவர் ஒருவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, அழைத்து வர ஆளில்லாத பாட்டி ஒருவர். காது கேளாமையால் அறிவிப்பையே அறியாதவர் ஒருவர். நோய் உண்டென்று தெரிந்தால் பேத்தியின் கல்யாணப் பேச்சு கெடும் என்று மறைப்பவர் ஒருவர். வீட்டிலுள்ள எல்லாரையும் அனுப்பிவிட்டு, தாம் மட்டும் அடுப்படியில் நின்றுவிடும் தாயார் ஒருவர். இவர்களில் எவரையும் வண்டியிலுள்ள டாக்டர் அறியமாட்டார். அறிந்தவர்கள் தெருக்காரர்கள், சங்கத்து அங்கத்தினர்கள்.

அரசாங்கமும் இக்குறையை உணர்ந்தது. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பெண் தன்னார்வலர் வீடு வீடாகச் சென்று சர்க்கரையும் கொதிப்பும் பார்ப்பதும், நோயுள்ளோருக்கு மாத்திரையை வீட்டிலேயே தருவதும், நடமாட இயலாதோருக்கு உடற்பயிற்சிச் சிகிச்சை அளிப்பதும் அதன் அமைப்பாகும். இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதைப் பெற்றது. சர்க்கரையைப் பார்ப்பது வீட்டு வாசலில் நடக்கும். விழித்திரையையும் பாதத்தையும் சிறுநீரையும் ஆண்டுக்கொரு முறை பார்ப்பதற்கோ காமிராவும் கருவியும் வேண்டும். முதற்படியில் ஏறியவரை இரண்டாம் படிக்கு ஏற்றுவதுதான் சங்கத்தின் வேலை.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, பெயர்ப் பட்டியல். சங்கத்தில் அங்கத்தினர் பதிவேடு உண்டு. கடன் பதிவேடு உண்டு. அவற்றோடு, 60 வயது கடந்த அங்கத்தினரும் அவர்தம் வீட்டு முதியோரும் அடங்கிய ஒரு பட்டியலைத் தெரு வாரியாக எழுதி வைக்கலாம். யாருக்கு என்ன நோய் என்பதை அதில் எழுத வேண்டியதில்லை, எழுதவும் கூடாது. பரிசோதனைக்கு வந்தாரா இல்லையா என்ற குறிப்பு ஒன்றே போதும். ஒருவர் உடலின் இரகசியம் அவருக்கும் வைத்தியருக்கும் உரியது. சங்கத் திண்ணைக்கு உரியதன்று.

இரண்டாவது, நாளும் நேரமும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருடன் கலந்து நாள் குறிக்கும்போது, பாவோடும் நாட்களையும் அறுவடை நாட்களையும் தவிர்க்க வேண்டும். அடி அண்ணாமலை போன்ற கிரிவலப் பாதை ஊர்களில் பௌர்ணமியையும் கார்த்திகைத் தீப நாட்களையும் ஒதுக்கிவிட வேண்டும்; அப்பொழுது வண்டி நுழையவும் வழியிராது. வெறும் வயிற்றில் வரவேண்டியிருப்பின் விடியற்காலையே தொடங்கி, இரத்தம் எடுத்தவுடன் முதியோருக்கு உணவு கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, இடம். கருவிகளுக்கு மின்சாரமும், விழித்திரைப் படத்துக்கு இருட்டறையும், பெண்களுக்குத் தனி மறைப்பும், உட்கார நிழலும், குடிநீரும் வேண்டும். சங்கக் கட்டடமே பெரும்பாலும் இதற்குப் பொருந்தும்.

நான்காவது, துணை. பட்டியலில் ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் இளைஞரையும் ஒரு பெண் அங்கத்தினரையும் நியமித்து, அன்று வராதவர் வீட்டுக்கு மறுநாள் போகச் செய்ய வேண்டும். வற்புறுத்துதல் கூடாது, காரணத்தைக் கேட்டு, நீக்கக்கூடிய தடையானால் நீக்க வேண்டும்.

ஐந்தாவது, தொடர்ச்சி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். 'கண்ணில் பழுது உண்டு' என்று எழுதிய சீட்டு மடித்து மாடத்தில் கிடக்குமாயின் அப்பரிசோதனையால் விளைந்த நன்மை யாது? கவலை ஒன்றே கூடும். ஆகவே, மேற்சிகிச்சைக்குச் செல்ல வேண்டியவர் விரும்பினால், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல ஆள் அனுப்ப வேண்டும். அன்றைய கூலியிழப்பை ஈடுசெய்யச் சங்கத்தின் பொது நன்மை நிதியிலிருந்து சிறு தொகை தருவதைப் பற்றிப் பொதுக்குழு ஆலோசிக்கலாம். ஒரு மாதத்துக்குப் பின் 'போனீர்களா?' என்று கேட்கவும் ஒருவர் வேண்டும்.

வீட்டிலேயே நாள்தோறும் செய்ய வேண்டிய பரிசோதனையும் ஒன்றுண்டு. இரவில் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய இயலாத தாத்தாவுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். வெந்நீர் ஒத்தடம் வேண்டா. நீரின் சூட்டை உணர்வு குன்றிய காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். நகத்தை நேராக வெட்டுக. உணர்வு குன்றியோர் மென்ரப்பர் பதித்த எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் அணிவது நன்று. இவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது என்பதே வைத்தியர்கள் கூறுவது. கிரிவலத்தில் பற்றுடைய முதியோருக்கு இது மன வருத்தம் தரலாம். மலையைத் தம் திண்ணையிலிருந்தே நாள்தோறும் கண்டு தொழும் பேறு அடி அண்ணாமலையாருக்கு உண்டு; அத்தொழுகை குறைந்ததென்று எப்பெரியோரும் சொன்னதில்லை.

கூட்டுறவு என்பது நூலும் உரமும் வாங்கி விற்பதோடு முடிந்துவிடுவதன்று. ஒருவரால் தனியே ஆகாததைப் பலர் சேர்ந்து செய்து கொள்வதே அதன் பொருள். வண்டியை அரசாங்கமோ மருத்துவமனையோ அனுப்பலாம். நிபுணர் சென்னையில் இருந்தும் படத்தைக் காணலாம். அடுப்படியில் நின்றுவிட்ட அந்தத் தாயாரைக் கைபிடித்து வண்டி வரை அழைத்து வருவது மட்டும் அதே தெருவில் இருப்பவரால்தான் ஆகும். அப்பணியை நம் அங்கத்தினர்கள் மேற்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிப்பதற்குச் சில கேள்விகள்

1. நம் சங்கத்தில் 60 வயது கடந்த அங்கத்தினர் எத்தனை பேர்? அவர்களுள் சென்ற ஓராண்டில் விழித்திரையைப் பரிசோதித்துக் கொண்டவர் எத்தனை பேர்?

2. கண்புரைக்கும் நீரிழிவால் வரும் விழித்திரைப் பழுதுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அங்கத்தினர் எழுந்து விளக்குக.

3. நம் ஊரில் பரிசோதனைக்கு வராதவர்கள் யாவர்? அவர்களைத் தடுப்பது எது? அதைச் சங்கம் நீக்க முடியுமா?

4. மேற்சிகிச்சைக்குச் செல்வோரின் வழிச்செலவுக்கும் கூலியிழப்புக்கும் பொது நன்மை நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கலாம்?

5. அங்கத்தினரின் நோய் விவரம் வெளியே தெரியாமல் காப்பதற்கு நாம் ஏற்படுத்த வேண்டிய விதி யாது?